காலைக் கட்டத்தில் என் கையெழுத்து

ஜனவரி 14, திங்கள்

முதலில் ஒரு மன்னிப்பு. இந்தக் குறிப்பேடு கன்றுக்குட்டிகளின் விவரம் எழுதுவதற்காகத் தீவனக் கம்பெனிக்காரர்கள் இலவசமாகக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் 'தாயின் எண்', 'எடை', 'முதல் பால் குடித்ததா' என்று கட்டம் போட்டிருக்கிறது. அந்தக் கட்டங்களின் மேலேயே என்னைப் பற்றி எழுதுகிறேன். எடையைச் சொல்லமாட்டேன். முதல் பால் குடித்தேன் என்று அம்மா சொல்கிறாள்.

எழுதச் சொன்னது டாக்டர் டைக்ஸ்ட்ரா. என் முதலாளி. எங்கள் துலாரி ஊரில் முப்பத்தெட்டு வருடமாக மாட்டு டாக்டர். இன்று காலை வண்டியில் போகும்போது என்னவோ கேட்டார், நான் பதில் சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மனசுக்குள்ளயே பேசி முடிச்சுடறே பொண்ணே. எனக்கு எப்படிக் கேக்கும்? வாயில வரலைன்னா எங்கயாவது எழுதியாவது தொலை."

அவர் கேட்டது இது: அரசு அங்கீகாரம் எப்போது வாங்கப்போகிறாய்?

பட்டம் இருந்தால் மாட்டைக் குணப்படுத்தலாம். ஆனால் 'இந்த மாடு நலம், அடுத்த மாநிலத்துக்குப் போகலாம்' என்று அரசாங்கத்தின் சார்பில் கையெழுத்துப் போட முடியாது. காசநோய்ச் சோதனை செய்து எழுதித்தர முடியாது. அதற்குத் தனி அங்கீகாரம் வேண்டும். கணினியில் ஏழு பாடம், பிறகு ஒரு முழு நாள் நேரடிப் பயிற்சி, பிறகு விண்ணப்பம். என்னோடு படித்த அத்தனை பேரும் கல்லூரியிலேயே முடித்துவிட்டார்கள். நான் ஏன் முடிக்கவில்லை? மூன்றாம் வருடம் பெயர்ப்பட்டியல் வகுப்பில் சுற்றி வந்தது. என் முன்வரிசை வரை வந்து அப்படியே திரும்பிப் போய்விட்டது. 'இங்கே ஒருத்தி இருக்கிறேன்' என்று நான் சொல்லவில்லை. அவ்வளவுதான் காரணம்.

டாக்டருக்கு ஏப்ரல் 23ஆம் தேதி இடுப்பு ஆபரேஷன். மூன்று மாதம் நடக்கக்கூடாது. அதற்குள் எனக்கு அங்கீகாரம் வந்துவிட்டால் கிளினிக் நடக்கும். வராவிட்டால் பூட்டு, எனக்கும் வேலை இல்லை. இதை அவர் கோபமில்லாமல், மழை வரும்போல என்று சொல்லும் குரலில் சொன்னார்.

ஜனவரி 17, வியாழன்

முதல் பாடம் முடிந்தது. நூற்றுக்கு நூறு. கணினி கேள்வி கேட்டால் நான் புலி.

ஜனவரி 23, புதன்

நான் புலி இல்லை.

காசநோய்ச் சோதனை என்பது இப்படி: வாலைத் தூக்கினால் அடியில் ரோமமில்லாத ஒரு தோல் மடிப்பு இருக்கும். அதில் துளி மருந்தைச் செலுத்த வேண்டும். மூன்று நாள் கழித்துப் போய் ஒவ்வொரு மாட்டின் மடிப்பையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது, தொட வேண்டும். தடிப்பு இருந்தால் அந்த மாட்டுக்கு அரசு ஆள் வந்து இரண்டாவது சோதனை செய்வார். பெரும்பாலும் வெறும் தடிப்புதான், நோய் இருக்காது. ஆனாலும் முடிவு தெரியும்வரை பண்ணைக்காரருக்குத் தூக்கம் போகும்.

இன்று ஒரு டச்சுக்காரரின் பண்ணையில் முந்நூற்று இருபது மாடு. டாக்டர் ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தார். பின்னாலேயே நானும் தொட்டு, என் கணக்கைத் தனியாக வைத்துக்கொண்டேன். பழகுவதற்காக.

அவர் கண்டுபிடித்தது மூன்று. நான் கண்டுபிடித்தது சைபர்.

"ஒண்ணுகூடவா இல்ல?"

"இல்ல டாக்டர்."

"நீ மாட்டைத் தொடல. மாட்டுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வரே. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். பெரிய மனுஷன் வீட்டுக் கதவைத் தட்டற மாதிரி ரெண்டு விரலை வெக்கறே, உடனே எடுத்துடறே."

பிறகு சொன்னார்: எந்த டாக்டர் வருடக்கணக்கில் ஒரு தடிப்பும் இல்லை என்று எழுதுகிறாரோ, அவரைத்தான் அரசாங்கம் முதலில் சந்தேகப்படுமாம். நூறு மாட்டைத் தொட்டால் ஒன்றாவது காட்டத்தான் செய்யும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் தொடவில்லை என்று பொருள்.

நான் எங்கே போனாலும் 'ஒன்றும் பிரச்சினை இல்லை' என்று சொல்லி வளர்ந்தவள். சாப்பாட்டில் முடி கிடந்தாலும். அது என் விரல் வரைக்கும் இறங்கியிருக்கிறது என்பது எனக்கே தெரியாது.

ஜனவரி 27, ஞாயிறு

தேவாலயப் பூசைக்குப் பிறகு வீட்டில் எல்லாரும். அப்பா இருபத்தாறு வருடமாக அவர் முதலாளி போர்பா மாமாவின் பால் பண்ணையில் மாடு ஓட்டுகிறார். பட்டியிலிருந்து கறக்கும் கூடத்துக்கு, கூடத்திலிருந்து பட்டிக்கு. கடல் நடுவே இருக்கும் சொந்தத் தீவை விட்டு இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அதே வேலை. நான் படித்தது பற்றி அவருக்குத் தெரிந்தது, நான் நிறைய நாள் வீட்டில் இல்லை என்பது மட்டும். இன்று ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்.

"இப்போ என்னவோ புதுசா படிக்கறியாமே. அது எதுக்கு?"

"கையெழுத்துப் போடறதுக்குப்பா."

"அது உனக்கு ஆறு வயசுலயே வந்துச்சே."

அம்மா சிரித்தாள். நான் விளக்கினேன்.

"அப்போ நீ கையெழுத்துப் போட்டா மாட்டு லாரி நகரும்?"

"நகரும்."

"போடலைன்னா?"

"நிக்கும்."

இன்னொரு துண்டு ரொட்டியைப் பிய்த்தார். மாலையில் சீட்டாடப் போன இடத்தில் நாலு மேசைக்கும் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு ஃபோன் வந்துவிட்டது: "உங்க பொண்ணு லாரியையெல்லாம் நிறுத்துவாளாமே, உங்க வீட்டுக்காரர் ஜெர்வாசியோ சொல்றார்?"

நான் ஒரு லாரி உரசிக்கொண்டு போனால் ஓரமாக ஒதுங்கி, அதன் டிரைவரிடம் மன்னிப்பும் கேட்கிற ஆள்.

பிப்ரவரி 6, புதன்

இன்று தைரியமாக அழுத்தித் தொட்டேன். டாக்டர் கண்டது இரண்டு. நான் கண்டது பதினொன்று. அதில் ஒன்று ஈக்கடி, ஒன்று பழைய காயம், ஒன்று காய்ந்த சாணி.

"சாணிக்குக் காசநோயா?" என்றார் டாக்டர். அவ்வளவு சந்தோஷமாக அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. இடுப்பு வலி வந்து நிறுத்தினார்.

பிப்ரவரி 12, செவ்வாய்

ஐந்தாவது பாடம். நூறு. (யாரிடம் சொல்வது. இங்கே சொல்கிறேன்.)

பிப்ரவரி 20, புதன்

ஏழும் முடிந்தன. நேரடிப் பயிற்சிக்குத் தேதி வந்துவிட்டது: மார்ச் 7, வியாழன், காலை எட்டு மணி, மாவட்ட விவசாயக் கட்டடம். நடத்துவது டாக்டர் இமாடா, கூட்டாட்சி அரசின் கால்நடை அதிகாரி. ஆரம்பத்தில் ஒவ்வொருவரும் எழுந்து தன்னைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டுமாம். பதினைந்து நாள் இருக்கிறது. இரண்டு வாக்கியம். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வாரம். சமாளிக்கலாம்.

மார்ச் 7, வியாழன்

எங்கே தொடங்குவது?

ஏழு இருபதுக்கே போய்விட்டேன். சீக்கிரம் உள்ளே போனால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள் என்று வண்டியிலேயே உட்கார்ந்து இரண்டு வாக்கியத்தையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஏழு ஐம்பத்தெட்டுக்கு ஓடினேன். நடைபாதையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கூடம். இடது பக்கக் கதவருகே ஒருவர் சிரித்தபடி, "வாங்க வாங்க, கடைசி ஆள் நீங்கதான், கதவைச் சாத்திடுங்க" என்றார். சாத்தினேன்.

முதல் படம் ஒரு தேன்கூடு.

சரி, அரசாங்கம் எல்லா உயிரையும் பற்றி முன்னுரை சொல்லும் என்று நினைத்தேன். இரண்டாவது படமும் தேன்கூடு. பாதாம் பூக்கும் காலத்தில் தோட்டங்களுக்கு வாடகைக்கு வரும் பெட்டிகளில் எத்தனை தேனீ இருக்கின்றன என்று எப்படி மதிப்பிடுவது என்பதைக் குறிப்பெடுத்தேன். ஆமாம், குறிப்பெடுத்தேன். தேனீக்கும் சான்றிதழ் உண்டு போலிருக்கிறது, ஏழு பாடத்தில் எனக்குத் தப்பிவிட்டது போலிருக்கிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொன்னேன். எட்டு இருபத்தைந்துக்குத்தான் உறைத்தது. இது தேனீப்பெட்டிகளைச் சோதிக்கும் ஆட்களுக்கான வகுப்பு. என் வகுப்பு எதிர்க்கூடத்தில்.

எழுந்து போக வேண்டியதுதானே? கதவு முன்னால் இருந்தது. பேசுகிறவரின் தோளை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். நாற்பது பேர் பார்ப்பார்கள். இடைவேளை வரும்போது போய்விடலாம் என்று இருந்தேன். இடைவேளை வந்தது. பக்கத்து நாற்காலிக்காரர், வெர்ன் என்று பெயர், எனக்கும் சேர்த்துக் காப்பி வாங்கி வந்துவிட்டார். காப்பி வாங்கிக் கொடுத்த மனிதரிடம் 'நான் தப்பான அறையில் இருக்கிறேன்' என்று எப்படிச் சொல்வது?

பிறகு அறிமுகம். எழுந்து நின்றேன். இரண்டு வாக்கியமும் தயாராகத்தானே இருந்தன. "என் பேர் ஒடீலியா. நான் மாட்டு டாக்டர்."

நாற்பது பேரும் சிரித்தார்கள். நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள். வெர்ன், "தேனீக்கு மாட்டு டாக்டர் வேணும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு யோசனை. எந்தப் பக்கம் வாலைத் தூக்குவீங்க?" என்றார். நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டத்தைச் சிரிக்கவைத்திருக்கிறேன், அது தப்பான கூட்டம்.

பதினொன்று நாற்பத்தைந்துக்கு விட்டார்கள். கடைசியில் வைத்த வினாடி வினாவில் எனக்கு இரண்டாம் பரிசு, ஒரு பாட்டில் பாதாம்பூத் தேன். கசக்கிறது.

மதியம் எதிர்க்கூடத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர் இமாடா சிறிய உருவம், நரைத்த குட்டை முடி, குரலை உயர்த்தவே இல்லை. சட்டம், படிவங்கள், தண்டனைகள். நாலரைக்கு முடிந்தது.

முடிந்தது. நல்லபடியாகவே முடிந்தது.

மார்ச் 8, வெள்ளி

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். எனக்காக மட்டும் எழுதும் புத்தகத்தில்கூட மறைத்திருக்கிறேன் என்றால் நான் எப்படிப்பட்ட ஆள்?

வகுப்பு முடிந்து கிளம்பும்போது வருகைத்தாள் வைத்திருந்தார்கள். பெயருக்கு நேரே இரண்டு கட்டம்: காலை, மாலை. எல்லாருடைய காலைக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தது. என்னுடையது மட்டும் காலி. நான் மாலைக் கட்டத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். பின்னால் நின்றவர் ஒரு குதிரை டாக்டர், எட்டிப் பார்த்து, "காலைல போட மறந்துட்டீங்க போல. சீக்கிரம் போடுங்கம்மா, எனக்கு ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டணும்" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் பன்னிரண்டு பேர்.

போட்டேன்.

இரண்டு விநாடிகூட ஆகவில்லை. அவரை நிற்கவைக்கக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது, அவ்வளவுதான் மனதில் இருந்தது. கட்டடத்துக்குள் இருந்தது நிஜம்தானே? இடையில் ஒரு நடைபாதை, நாலு மீட்டர் இருக்குமா? அதைக் குதிரை டாக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை, இங்கே மட்டும் நன்றாக வாதாடுகிறேன்.

அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் டாக்டர் இமாடா சொன்னது என் குறிப்பில் இருக்கிறது. இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

"நீங்க பார்க்காததுக்குக் கையெழுத்துப் போடாதீங்க. இது ஒண்ணு ஞாபகம் இருந்தா மத்ததெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை."

அங்கீகாரம் கேட்டு வந்தவள் போட்ட முதல் பொய்ச் சான்றிதழ் எனக்கு நானே கொடுத்தது. மாடுகூட இல்லை.

மார்ச் 13, புதன்

விண்ணப்பம் அனுப்பினேன். சொல்லிவிடலாம் என்று இருந்தேன், அனுப்பிவிட்டேன். தேன் அப்படியே இருக்கிறது. அம்மா டீயில் போட்டுப் பார்த்துவிட்டு, "இதை யாரு பரிசுன்னு குடுத்தது, ஆகாதவங்களா?" என்றாள்.

மார்ச் 25, திங்கள்

வந்துவிட்டது. என் பெயர், கீழே ஒரு அங்கீகார எண்.

டாக்டர் டைக்ஸ்ட்ரா கடிதத்தைக் கையில் வாங்கி, நொண்டிக்கொண்டே போய் ஃபோனை எடுத்தார். மருத்துவமனையில் ஆபரேஷன் தேதியை உறுதி செய்தார். இரண்டு முறை தள்ளிப்போட்ட ஆபரேஷன் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். வைத்துவிட்டு, "அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை போர்பா பண்ணையில டெஸ்ட். நீயே பண்ணு. நான் வண்டியிலயே உக்காந்து ரேடியோ கேக்கறேன்" என்றார்.

"சரி டாக்டர்."

எதற்குத்தான் நான் சரி சொல்லவில்லை?

வீட்டில் அப்பா எண்ணைப் படித்துக் காட்டச் சொன்னார். ஒரு தரம், இரண்டு தரம். பிறகு அவரே சொன்னார், பார்க்காமல். இருபத்தாறு வருடமாக மாட்டுக் காது எண்களை மனப்பாடம் செய்கிறவர். என் எண்ணும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து, "மாடுகளோட மாடா வெச்சுடாதீங்க" என்றாள்.

சாப்பிட முடியவில்லை.

மார்ச் 28, வியாழன்

என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினேன். அதில் பதினொரு 'மன்னிக்கவும்' இருந்தது. எட்டை அடித்தேன். மதிய உணவு நேரத்தில் கிளினிக்குப் பின்னால், தீவன மூட்டைகளுக்கு நடுவே நின்று டாக்டர் இமாடாவுக்கு ஃபோன் செய்தேன். பதிவுக் குரல் வந்தது. வைத்துவிட்டேன். மறுபடி செய்தேன். அவரே எடுத்தார். வைத்துவிட்டேன். மூன்றாம் முறை எடுத்ததும் அவரே பேசினார்.

"இது மூணாவது தடவை. உங்க நம்பர் எனக்குத் தெரியுதுங்க."

தாளைத் தொலைத்துவிட்டேன். அது என் கையிலேயேதான் இருந்திருக்கிறது, பிறகு பார்த்தேன். எப்படியோ எல்லாவற்றையும் சொன்னேன், பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக. முதலில் கையெழுத்து, பிறகு குதிரை டாக்டரின் வரிசை, பிறகு காப்பி, கடைசியில் தேனீ.

"தேனீயா?"

"ஆமாம் டாக்டர்."

"நாலு மணி நேரமா?"

"மூணே முக்கால்."

சிரித்துவிட்டார். உடனே நிறுத்தினார். "மன்னிச்சுக்கங்க. இனிமே சிரிக்கல. அந்தக் கட்டத்துல போடச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

குதிரை டாக்டரின் முகம் வந்தது. பாவம், இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினவர்.

"இல்ல. என் கைதான்."

தாள் புரளும் சத்தம் கேட்டது. "உங்க அங்கீகாரத்தை இன்னிக்கே நிறுத்தி வெக்கறேன். இதைப் பத்தி ஒரு கடிதம் உங்க கோப்புல இருக்கும். ரொம்ப வருஷம் இருக்கும். ஏப்ரல் 11, பேக்கர்ஸ்ஃபீல்டுல மறுபடி வகுப்பு எடுக்கறேன், முழு நாளும் வாங்க. அதுக்கப்புறமும் குடுக்கலாமா வேண்டாமான்னு எனக்கு மேல இருக்கறவங்கதான் சொல்லணும். நான் வாக்குக் குடுக்க முடியாது. எப்போ சொல்லுவாங்கன்னும் தெரியாது."

"சரி டாக்டர்," என்றேன். இந்தச் 'சரி' மட்டும் வேறு மாதிரி இருந்தது.

மார்ச் 29, வெள்ளி

டாக்டர் டைக்ஸ்ட்ராவிடம் சொன்னேன். ஐஸ் மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேசைமேல் சாய்ந்திருந்தார். தேனீ வரை சிரித்தார். கையெழுத்து வந்ததும் சிரிப்பு நின்றது. நான் ஃபோன் செய்ததைச் சொன்னதும் ஐஸைத் தூக்கித் தொட்டியில் போட்டார்.

"யாருக்குமே தெரியாதே! அந்தத் தாளை இனிமே எவன் எடுத்துப் பாக்கப் போறான்? ஏன் சொன்னே?"

பதில் இருந்தது. மனசுக்குள் சொன்னேன். பிறகு ஞாபகம் வந்து வெளியே சொன்னேன். "செவ்வாய்க்கிழமை போர்பா மாமா மாட்டுக்கெல்லாம் அதே கையாலதானே கையெழுத்துப் போடணும், டாக்டர்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "முப்பத்தெட்டு வருஷமா நானும் கையெழுத்துப் போடறேன்," என்றார். பிறகு போர்பா மாமாவுக்கு ஃபோன் செய்து சோதனையை ஏப்ரல் கடைசிக்குத் தள்ளினார். என்னிடம் திரும்பி: "இந்தத் தடவை ஆபரேஷனைத் தள்ளிப்போட மாட்டேன். தள்ளினா நான் நடக்கவே முடியாது. 22ஆம் தேதி சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். பேப்பர் வரலைன்னா வாசல்ல பூட்டு. புரியுதா?"

"புரியுது."

"வேற வேலையும் தேட ஆரம்பி."

வீட்டில் அப்பாவிடம் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஒரு காலோடு நிறுத்தினார்.

"அந்த நம்பர் செல்லாதா?"

"இப்போதைக்கு நிக்குதுப்பா."

"லாரி மாதிரி."

"ஆமாம். லாரி மாதிரி."

மற்ற பூட்ஸையும் கழற்றினார். "யார்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கலாம் நான்," என்றார். தன்னைத்தான் சொன்னார். சீட்டாட்டத்து நாலு மேசை.

ஏப்ரல் 11, வியாழன்

பேக்கர்ஸ்ஃபீல்ட். வாசலில் இருந்த பெண்ணிடம், "இது மாட்டு டாக்டர்ங்க அறைதானே?" என்று சத்தமாகக் கேட்டேன். பலகையில் பெரிதாக எழுதியிருந்தது. அவள் என்னைப் பார்த்துவிட்டுப் பலகையைப் பார்த்தாள். பரவாயில்லை.

முன்வரிசை. நான் தவறவிட்ட காலை நேரத்தில் என்ன நடந்தது என்று இன்றுதான் தெரிந்தது. ரப்பரில் செய்த வாலடி மடிப்புகள் பத்தைப் பெட்டியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தொட்டுச் சொல்லச் சொன்னார்கள். சிலதில் பட்டாணி அளவு தடிப்பு, சிலதில் அரிசி அளவு, சிலதில் ஒன்றுமில்லை. இதைத்தான் நான் கற்றதாகக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

ஏழு சரி. டாக்டர் இமாடா என் கட்டைவிரலைப் பிடித்து, "மடிப்பு முழுசும் ஓட்டுங்க. பாதியில நிக்காதீங்க" என்றார். மறுபடி செய்தேன். ஒன்பது. அவர் தேனீ பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வருகைத்தாளைக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, அவரே என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

ஏப்ரல் 16, செவ்வாய்

ஒன்றும் வரவில்லை.

ஏப்ரல் 19, புனித வெள்ளி

இன்று தபால் கிடையாது என்று நினைத்துக்கொண்டே இரண்டு முறை பெட்டியைத் திறந்தேன். உண்டு என்று பிறகு தெரிந்தது. ஒரு தீவன விளம்பரம்.

ஏப்ரல் 22, திங்கள்

டாக்டர் காலையிலேயே புதுப் பூட்டு வாங்கி மேசைமேல் வைத்துவிட்டார்.  நான் ஊசிகளை எண்ணினேன். ஏற்கனவே எண்ணியவை.

நாலு நாற்பதுக்குக் கணினியில் அங்கீகாரம் வந்தது. எண் அதேதான். கீழே இரண்டு வரி: நடந்ததைப் பற்றிய கடிதம் கோப்பில் வைக்கப்பட்டுள்ளது, முதல் வருடத்தில் எந்த நாளும் சோதனைக்கு ஆள் வரலாம்.

டாக்டர் படித்துவிட்டு, பூட்டை எடுத்து மருந்து அலமாரிக்குப் போட்டார். "பழையது துருப்பிடிச்சிருச்சு. எப்படியும் மாத்தணும்னுதான் இருந்தேன்" என்றார். பொய். நான் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

ஏப்ரல் 24, புதன்

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மருத்துவமனைக்குப் போனேன். மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "யாரு கிளினிக்கைப் பாத்துக்கறா?" 'நான்தான்' என்றேன். "ஐயோ" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிட்டார்.

ஏப்ரல் 30, செவ்வாய்

போர்பா மாமா பண்ணை. நானூற்றுப் பன்னிரண்டு மாட்டுக்கும் மருந்து செலுத்தினேன், தனியாக. வலது கை தூக்க முடியவில்லை. இதை எழுதுவது இடது கை என்று பார்த்தாலே தெரியும்.

மே 3, வெள்ளி

மூன்றாம் நாள். தொட்டுப் பார்க்கும் நாள்.

நாலு பட்டி. தீவனம் தின்ன மாடு தலையை நீட்டியதும் கழுத்துப் பூட்டு விழுந்து வரிசையாக நிற்கும். நான் பின்னால் வால் வாலாகப் போனேன். பக்கத்திலேயே போர்பா மாமா, காது எண்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு. நான் தொட்டு, தாளில் குறித்துக்கொண்டு போனேன். அப்பா முன்னால், பூட்டுகளைப் பார்த்துக்கொண்டார். ஆறு மணிக்கு ஆரம்பித்தோம்.

முதல் பட்டியில் எழுபதாவது மாடு. கட்டைவிரலுக்கு அடியில் ஒன்று உருண்டது. மறுபடி ஓட்டினேன். உருண்டது.

"இது ஒண்ணு" என்றேன்.

சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன். மாமா நின்றுவிட்டார்.

"அது பொறக்கும்போதே வால் அப்படித்தான் கண்ணு."

"இருக்கலாம் மாமா. எழுதிக்கறேன்."

"அரசாங்கத்து ஆள் வருவானே."

"வருவாங்க."

மாமா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். என் தொட்டிலுக்குப் பரிசு கொண்டுவந்த மனிதர். அப்பா அந்தப் பக்கத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது பட்டியில் ஒன்று, மூன்றாவதில் இரண்டு. ஒவ்வொரு தடவையும் சொன்னேன். குரல் ஒவ்வொரு தடவையும் நடுங்கியது. நடுக்கம் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை.

நாலாவது பட்டிக்கு வரும்போது மாமா கொஞ்சம் தெளிந்துவிட்டார். திருவிழாவுக்கு ஊர்ப் பொதுக்கூடத்தின் கூரையை மாற்றுவது பற்றி, அதில் யார் யாரோடு சண்டை என்பது பற்றிப் பேசிக்கொண்டே எண்களைச் சொன்னார். நான் தலையாட்டினேன். பதினொன்று முப்பதுக்கு முடிந்தது. அப்பா நெம்புகோலை இழுத்தார், பூட்டெல்லாம் திறந்தது, நூறு மாடும் நிழலுக்குப் போய்விட்டது. மாமி வாசலிலிருந்து, "சூப் ஆறுது, கையைக் கழுவிட்டு வாங்க எல்லாரும்" என்று கூப்பிட்டாள். பன்னிரண்டுக்கு அடுத்த கறவை.

பிக்கப் வண்டியின் மூடிமேல் தாளை விரித்தேன். நானூற்றுப் பன்னிரண்டு வரி, நானூற்றுப் பன்னிரண்டு குறி. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. மாமா தன் பேனாவையே திறந்து கொடுத்தார்.

நாலாவது பட்டியில் அடுத்தடுத்து மூன்று குறிகள் மற்றவற்றைவிடச் சாய்வாக இருந்தன. அந்த இடத்தில் மாமா கூரையின் தகரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எத்தனை தகரம், எங்கே வாங்குவது, எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த மூன்று வால் ஞாபகம் இல்லை. தலையாட்டிக்கொண்டே குறித்துவிட்டேனா? தொட்டிருக்கவும் கூடும். தொட்டேன் என்றே தோன்றியது. விரலைக் கேட்டேன், அது ஒன்றும் சொல்லவில்லை.

தின்று முடித்த மாடு இனி தானாகத் தலையை நீட்டாது. நூறு மாட்டையும் அப்பா விரட்டிக்கொண்டு வந்து நிறுத்த வேண்டும், புதுத் தீவனம் கொட்ட வேண்டும், கறவை ஒரு மணி நேரம் பிந்தும், சூப் ஆறும். அப்பா ஏற்கனவே தண்ணீர்க் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

பேனாவை மூடி மாமாவிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"போர்பா மாமா, நாலாவது பட்டியைத் திரும்பப் பூட்டணும். மூணு மாட்டை நான் தொட்டேனான்னு எனக்குத் தெரியல."